அடிக்கம்பி

சார், இப்போது சொல்லப்போகிற விஷயத்தை நானே பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொன்னவர் பொய் பேசுகிற ஆள் இல்லை. அதுதான் சிக்கலே. பொய்யன் எவனாவது சொல்லியிருந்தால் அன்றைக்கே உதறிவிட்டுப் போயிருப்பேன். பதினைந்து வருஷத்தில் முதல் ஏழு வருஷம் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன். பிந்திய எட்டு வருஷம் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இன்றைக்குக் காலையில்தான் மேலப்பாளையம் போய் அவரிடமே கேட்டுவிட்டு வந்தேன். நீங்கள் நாலு மணிக்கு வருகிறேன் என்றீர்களே, அதற்குள் தூத்துக்குடி திரும்ப வேண்டுமென்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

உட்காருங்கள். அங்கே காற்று வராது, இந்த நாற்காலிக்கு வந்துவிடுங்கள். சகாயம், சார் வந்திருக்காரு, டீ போடு.

பையைத் திறக்கிறேன், அவசரமில்லை. ஆறு கம்பி பேஸ் கிடார். விளம்பரப் படத்தில் பார்த்ததுதான். போனில் கேட்டீர்களே, 'கீறல் இல்லாம புதுசு மாதிரி இருக்கே, ஏன் விக்கிறீங்க' என்று. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பேங்கில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நாலு கம்பி பேஸ் வாசிக்கிறவர். உங்களுக்குச் சொன்னால் புரியும். மற்றவர்களிடம் சொன்னால், 'கிடார்னா ஆறு கம்பிதானே இருக்கும்' என்பார்கள். பாட்டுக்கு அடிச்சத்தம் கொடுக்கிற பேஸுக்கு நாலு கம்பிதான் வழக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அங்கேயே என் கதை முடிந்துபோகும்.

என் பெயர் அமலதாஸ். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். சாவிக்கொத்து, தண்ணீர் மோட்டார், எச்சில் இலை, இதுதான் வேலை. அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் பொன்ராஜ் மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். கோயில் கொடைவிழா, கல்யாணம், சர்ச் அசன விருந்து என்று இந்தப் பக்கத்தில் நாங்கள் மேடை ஏறாத ஊர் கிடையாது. மாஸ்டர்தான் கீபோர்டு. டிரம்ஸ் கென்னடி. மைக் செட், எல்லார் சத்தத்தையும் ஏற்றி இறக்கி வெளியே அனுப்புகிற மிக்ஸர் எல்லாம் அசன் அண்ணன். இந்த மூன்று பேர்தான் கதைக்கு முக்கியம். எனக்குச் சொன்னவர் அந்த அசன் அண்ணன்.

பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை சார். பாடுகிறவளைப் பார்ப்பார்கள், டிரம்ஸைப் பார்ப்பார்கள். நாம் பின்னால் நின்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்பதுதான் நம் வேலை. நான் நன்றாகக் கேட்கிறவன். என்னிடம் வேறு குறை சொல்லலாம், அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து எட்டுக் கடைசியில் மாஸ்டர் ஒரு புதுக் கீபோர்டு வாங்கினார். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ். சத்தமும் மோசமில்லை. கோவில்பட்டியில் இரண்டு குழு, நாகர்கோவிலில் ஒன்று, பேஸ்காரனை நிறுத்திவிட்டார்கள் என்று அப்போதே பேச்சு. ஒருநாள் வேனில் போகும்போது மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "இடது கை இப்படி ஒழைச்சா வேன்ல ஒரு சீட்டு மிச்சம்டே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. முப்பத்தொன்பது வயது. வேறு வேலை தெரியாது. காலையில் பல் விளக்கும்போது இடது கையைப் பார்ப்பேன். என் இடது கையை இல்லை, மாஸ்டருடைய இடது கை என் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

கீபோர்டால் முடியாத ஒன்றை நான் செய்தால் என்னை எப்படி நிறுத்துவார் என்று யோசித்தேன். நாலு கம்பியில் நான் போகிற ஆழம் போதாது. இன்னும் கீழே போகணும், இன்னும் மேலேயும் போகணும். ஆறு கம்பி இருந்தால் அடியில் ஒரு தடிக்கம்பி கூடும், மேலே ஒரு மெல்லிய கம்பி கூடும். லீடு கிடார்காரன் வராத நாளில் அவன் வேலையையும் நானே பார்க்கலாம். ஒரு ஆள் சம்பளத்தில் இரண்டு ஆள். எப்படிக் கணக்கு பாருங்கள். கீபோர்டில் அதைவிடக் கீழே போக ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் தள்ளிவிட்டிருப்பேன்.

மெட்ராஸுக்கு ரயிலேறிப் போனேன். கடையில் இருந்தவர் நல்ல மனுஷன். என் கையைப் பிடித்துப் பார்த்தார். "விரல் குட்டையா இருக்கே சார். அஞ்சு கம்பி எடுத்துக்குங்க. கீழ போறதுக்கு அதுவே தாராளம். ஆறு எதுக்கு?" என்றார். ஐந்தை எடுத்து வாசித்தேன். சுகமாக உட்கார்ந்தது. அந்தச் சுகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சுகமாக இருப்பதை எவனும் வாசிப்பான் என்று தோன்றியது. பிறகு இதை மடியில் வைத்தார். கழுத்து சப்பாத்திப் பலகை அகலம். கட்டைவிரலைப் பின்னால் வைத்தால் நடுவிரல் அடிக்கம்பியை எட்டவில்லை. தோளில் மாட்டினால் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கனம். அந்தத் தடிக்கம்பியைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினேன் சார். சத்தம் காதுக்கு வரவில்லை. வயிற்றுக்கு வந்தது. இதுதான் என்றேன்.

பழைய நாலு கம்பியை அங்கேயே மாற்றுக்குக் கொடுத்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் என் நெஞ்சோடு கிடந்தது. கடைக்காரர் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பார்த்திருக்கலாம்.

வீட்டில் இதோ இந்த அறையில்தான் பயிற்சி. ராத்திரி வென்னீரில் கையை முக்கிவைப்பேன், பகலில் வாசிப்பேன். அடிக்கம்பியைத் தட்டினால் அடுக்களையில் தம்ளரெல்லாம் கிணுகிணுவென்று பேச ஆரம்பித்துவிடும். என் பெண்டாட்டி சகாயம் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒவ்வொரு தம்ளராக எடுத்துக் கீழே தரையில் கவிழ்த்து வைப்பாள். நான் முடித்ததும் திரும்ப எடுத்து அடுக்குவாள். தினமும் இதே வேலை. எனக்கு எரிச்சலாக வரும். பிடிக்கவில்லையென்றால் வாய்திறந்து சொல்லிவிட்டுப் போகலாமே. அவளுக்குச் சங்கீதம் ஏறாது சார், பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

முதல் மேடை ஒரு கல்யாணம். இதைக் கேளுங்கள், பேஸ்காரர் நீங்கள், நீங்கள்தான் சிரிக்க முடியும். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கை, தோளில் மாட்டி நிற்கும்போது மேல்பக்கம் வருகிற அந்தத் தடிக்கம்பியைப் பழைய நாலு கம்பியின் முதல் கம்பி என்று நினைத்துக்கொண்டது. ஒரு கம்பி தள்ளி வாசித்தேன். பாட்டு ஒரு சுருதி, நான் நாலு சுரம் கீழே. ஒரு பல்லவி, ஒரு சரணம் முழுக்க. முதுகில் வேர்த்து ஊற்றுகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. தெரிந்ததும் கையை மாற்றினேன். மெல்ல நிமிர்ந்து பார்த்தால், மாஸ்டர் திரும்பவே இல்லை. மேடையின் அந்தக் கோடியில் அவர் பாட்டுக்கு வாசிக்கிறார். பாடுகிற ரெஜினா சிரித்துக்கொண்டு பாடுகிறாள். மாப்பிள்ளை வீட்டார் பாயசம் குடிக்கிறார்கள்.

கென்னடி ஒருத்தன்தான் கண்டுபிடித்தான். என் ஸ்பீக்கர் பெட்டி அவன் காலடியில்தான் இருந்தது. இறங்கியதும் பிடித்துக்கொண்டான். "ஏல தாஸு, சரணத்துல எந்த ஊருக்குல போயிருந்த?"

"யாருக்கும் தெரியலேல்லா?" என்றேன்.

"அதாம்ல எனக்குப் பயமா இருக்கு" என்றான். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கென்னடி அந்தச் சீசன் முழுக்க ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். "கீழயே நில்லு. மேல மேல ஏறாத. ரெஜினா பாடுத இடத்துல உனக்கு என்ன ஜோலி?" நான் என்ன செய்தேனென்றால், மேல்கம்பிகளில் இரண்டு மூன்று சுரத்தைச் சேர்த்துக் கார்டு பிடிப்பேன், வரிக்கு வரி நடுவில் சின்னதாக ஒரு ஓட்டம் விடுவேன். ஆறு கம்பி இருக்கிறதே, காட்ட வேண்டாமா? காட்டாவிட்டால் எதற்கு வாங்கினேன் என்று கேட்கமாட்டார்களா? கென்னடி நல்ல பிள்ளை, ஆனால் அவனுக்குக் கொஞ்சம் பொறாமை. டிரம்ஸில் புதிதாக என்ன கம்பி கட்ட முடியும்?

மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய நாளில், "தாஸ், அங்க ஒரு சுரம் ஒதைக்கு" என்பார். அந்தச் சீசனில் ஒன்றுமில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பங்குனி மாதம் ஒரு கொடையில் அசன் அண்ணனின் பேஸ் பெட்டி கிழிந்தது. பெரிய ஸ்பீக்கர், உள்ளே இருக்கிற காகிதம் நடுவில் வாய்பிளந்துவிட்டது. மறுநாள் காலையில் வேனிலிருந்து சாமான் இறக்கும்போது அவர் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார், "தாஸு, உன் அடிக்கம்பியை இந்தப் பொட்டி தாங்காதுப்பா. கொஞ்சம் பாத்துத் தட்டு."

நான் சொல்லியிருக்கக் கூடாது. எல்லாரும் நிற்கிறார்கள், மாஸ்டர் நிற்கிறார், எனக்கு என் சீட்டுப் பயம். "பொட்டியில தெம்பில்லைன்னா பொட்டியை மாத்துங்கண்ணே. பஞ்சாயத்து மைக்கு வாடகைக்கு விடுத பொட்டியைக் கொண்டாந்துட்டு என் கம்பியைக் குத்தம் சொல்லுதீங்க" என்று விட்டேன்.

அவர் கிழிந்த பெட்டியை ஒரு போர்வையால் மூடினார். அந்தத் தொழிலில் அவர் முப்பது வருஷம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்குப் பசித்தால் அவருடைய பொட்டலத்திலிருந்துதான் எடுத்துத் தின்பேன். அந்த மனுஷனைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு சித்திரை, வைகாசி. ஓயாத நிகழ்ச்சி. என் தோள் மரத்துப்போனது. சோற்றைப் பிசைந்தால் சுண்டுவிரல் மடங்காது. ஆனால் சார், வாசித்தேன். வாழ்க்கையில் அப்படி நான் வாசித்ததில்லை. சீட்டுக்காகத்தான் ஆரம்பித்தேன், பொய் சொல்லவில்லை. போகப்போக சீட்டு மறந்துபோய்விடும். என் முதுகுக்குப் பின்னால் என் சின்னப் பெட்டி. அதில் எனக்கு நான் கேட்பேன். அந்தச் சத்தம் அப்படியே வெளியே பெரிய பெட்டிகளில் போய் ஊரையே தாலாட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு வாசிப்பேன்.

ஏரல் கொடையைச் சொல்ல வேண்டும். கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லாரும் சட்டென்று நிறுத்த வேண்டிய ஒரு பாட்டு. நாலு தட்டு அமைதி, பிறகு ரெஜினா தனியாக எடுக்க வேண்டும். அன்றைக்கு நிறுத்தினோம். அவள் எடுக்கவில்லை. வரி மறந்துபோனதோ, தொண்டை அடைத்ததோ, மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அத்தனை ஜனத்துக்கு முன்னால் மேடை செத்துக் கிடக்கிறது. மாஸ்டர் கை கீபோர்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. நான் யோசிக்கவில்லை. அடிக்கம்பியை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டு விட்டேன். ஓட்டமில்லை, கார்டு இல்லை. ஒரே சுரம். அது அப்படியே நின்றது. அதன் மேல் கால் வைத்து ரெஜினா ஏறி வந்தாள். அவ்வளவுதான். அந்தச் சீசனில் நான் கீழேயே நின்றது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கு என் பெண்டாட்டியும் வந்திருந்தாள். ஏரலில் இவளுடைய தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. பெண்கள் பக்கம் இடமில்லாமல், பெரிய பேஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். மேடையிலிருந்து அந்த இடம் நாற்பதடி இருக்கும். மறுநாள் பஸ்ஸில் வரும்போது புலம்பல் சார். "அந்தப் பிள்ளை பாடாம நின்னுச்சே, அப்ப தரையிலேர்ந்து என்னமோ வந்துச்சுங்க. மடியில தூங்கின பிள்ளை முழிச்சுட்டு" என்று. தங்கச்சி பிள்ளை, ஆறு மாதம். நான், "பிள்ளையைத் தூக்கிட்டு யாரு உன்னைப் பொட்டிப் பக்கத்துல உக்காரச் சொன்னா" என்று சத்தம்போட்டேன். நான் ஒரு மேடையையே காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறேன், இவளுக்குப் பிள்ளை தூக்கம் கெட்டது பெரிசு. இப்படித்தான். வீட்டில் ஒரு ஆளுக்காவது கேட்கிற காது இருந்திருந்தால் நான் இப்படி ஆகியிருக்கமாட்டேன்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைகாசிக் கடைசி. விடிந்து வேன் ஊருக்குள் வருகிறது, டீக்கடையில் நிறுத்தினார்கள். மாஸ்டரும் மற்றவர்களும் வேனில் தூக்கம். நானும் அசன் அண்ணனும் மட்டும் இறங்கினோம். பெட்டி கிழிந்த நாளிலிருந்து அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அன்றைக்கு அவரே டீயை வாங்கி என் கையில் கொடுத்தார். நான் ஆர்வக்கோளாறில், "நேத்து எப்படிண்ணே? அந்தக் கடைசிப் பாட்டுல அடிக்கம்பி எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தாஸு, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. பொட்டி கிழிஞ்ச மறுநாள்லேர்ந்து உன் லைனை நான் தொறக்கல."

"எந்த லைனு?"

"மிக்ஸர்ல உன் லைனு. செவப்புப் பொத்தானை அமுக்கி மூடித்தான் வெச்சிருக்கேன். வெளிய போறது மாஸ்டரோட இடது கை. உன் சத்தம் உன் முதுகுக்குப் பின்னால உள்ள பொட்டியில மட்டுந்தான்."

"எத்தனை நிகழ்ச்சிண்ணே?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணு."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாம நான் செய்வேனா?"

இவ்வளவுதான் சார் பேச்சு. டீக்காசை அவரே கொடுத்தார். நான் வேனில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். என் காலுக்கு நடுவில் இந்தப் பை. முப்பத்தொரு நாள் நான் மேடையில் நின்று கையை ஆட்டியிருக்கிறேன். கடைவாசலில் துணி மாட்டிய பொம்மைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அது வேர்க்காது.

அடுத்த நிகழ்ச்சிக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. மாஸ்டர் மூன்று நாள் போன் அடித்தார், எடுக்கவில்லை. கென்னடி வீட்டுக்கே வந்தான். தோள்வலி என்றேன். "மாஸ்டர் கேக்காருல. அடிச்சத்தம் இல்லாம மேடை காலியா கெடக்காம்" என்றான்.

"அவரு இடது கை இருக்குல்லா" என்றேன்.

"என்னல பேசுத?" என்று முழித்தான். நன்றாக நடிக்கிறான் என்று நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன்.

பையை அன்றைக்கு மூடியதுதான். ஒரு மாதம் கழித்து இவள் கேட்டாள், "ஏங்க, இப்பெல்லாம் அந்த அடிச்சத்தமே காணோமே?" குத்திக்காட்டுகிறாள் என்று பாத்திரத்தைத் தூக்கி எறிந்தேன். அதிலிருந்து அவளும் கேட்பதில்லை.

பிறகுதான் மண்டபத்து வேலை. அங்கேயும் பாட்டுக் கச்சேரி வரும். பந்தி நடக்கும்போது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய் நின்று, உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பேன். பேஸ் வருகிறதா என்று. வந்தால் மேடையைப் பார்ப்பேன், வாசிக்கிற ஆள் இருக்கிறானா, இல்லை இடது கையா என்று. ஆள் இருந்தால் அவன் முகத்தைப் பார்ப்பேன். பாவம், உனக்குத் தெரியுமாடா, உன் லைன் திறந்திருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். ஒருதடவை ஒருத்தனிடம் கேட்டேவிட்டேன். மண்டப மேனேஜர் குடித்திருக்கிறார் என்று முதலாளியிடம் புகார் போனது. நான் குடிக்கிறதில்லை சார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கென்னடி செத்துப்போனான். மாரடைப்பு. கல்லறைத் தோட்டத்தில் மண்போட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். மாஸ்டர் அதற்கு முந்தின வருஷமே போய்ச்சேர்ந்துவிட்டார். பழைய ஆட்கள் நாலைந்து பேர். அசன் அண்ணன் அவருடைய மருமகனிடம் என்னைக் காட்டிச் சொன்னார், "இவன்தாம்ப்பா தாஸு. ஏரல்ல பாட்டுக்காரப் பிள்ளை வாயடைச்சு நின்னப்போ ஒத்தக் கம்பியில ஊரையே பிடிச்சு நிறுத்துனான். இப்ப நெனச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியுது."

சார், எனக்குக் காது அடைத்துப்போயிற்று. ஏரல் சித்திரையில். பெட்டி கிழிந்தது பங்குனியில். மூடியிருந்த லைனில் நான் தொட்ட ஒரு கம்பி இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? மிக்ஸர் இருந்தது ஜனத்துக்குப் பின்னால், எண்பதடி தள்ளி. என் சின்னப் பெட்டிச் சத்தம் அங்கே போய்ச் சேராது.

அங்கேயே கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். டீக்கடையில் அவர் சொன்னது பொய்யென்றால், நான் அவரைப் பேசிய பேச்சுக்குப் பழிவாங்கச் சொன்ன பொய்யென்றால், என் சத்தம் எல்லா நாளும் வெளியே போயிருக்கிறது. அப்படியானால் நான் ஒன்றுமில்லாததற்காகப் பையை மூடினேன். கென்னடி நடிக்கவில்லை. மாஸ்டர் உண்மையாகத்தான் போன் அடித்தார். இரண்டு பேருமே மண்ணுக்குள் இருக்கிறார்கள், யாரிடம் போய்ச் சொல்வேன்? அவர் சொன்னது மெய்யென்றால், நான் பொம்மை. இந்தப் பக்கம் விழுந்தாலும் அடி, அந்தப் பக்கம் விழுந்தாலும் அடி. அதனால் விழாமலே எட்டு வருஷம் நடுவில் தொங்கினேன்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று பிறகுதான் உறைத்தது. மிக்ஸர்காரர் காதில் ஹெட்போன் இருக்கும், தெரியுமில்லையா? வெளியே மூடிவைத்த லைனைக்கூட, வேறொரு பொத்தானை அமுக்கினால் அவர் ஒருத்தர் மட்டும் கேட்கலாம். ஊருக்கு மூடிவிட்டு, என்னை அவர் ஒருத்தர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாரா? முப்பத்தொரு நாளும்? இல்லை, அன்றைக்கு மட்டுமா? இதை நினைத்தால் சில நாள் அழுகை வரும், சில நாள் அவர் கழுத்தை நெரிக்கலாம்போல வரும்.

போன வாரம் விளம்பரம் போட்டேன். முந்தாநாள் தெரிந்தது, அசன் அண்ணன் மஸ்கட்டுக்கு மகன் வீட்டோடு போகிறார், இனி வரமாட்டார் என்று. விட்டால் முடிந்தது. இன்றைக்கு விடிந்ததும் கிளம்பினேன். இவள் வாசல்வரை வந்தாள். "எங்க போறீங்க?" என்றாள். "ஏரல்ல அந்தக் கம்பி வெளிய கேட்டுச்சான்னு கேக்கப் போறேன்" என்றேன். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று, வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று போய்விட்டேன். இன்னும் கேட்கவில்லை. காய்கறி ஏதாவது வாங்கிவரச் சொல்லியிருப்பாள்.

அவர் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய இரும்புக்குப் போட ஒரு குவியல். அதில் அந்த மிக்ஸர் கிடந்தது, பொத்தான் பாதி உதிர்ந்துபோய். மேலேயே ஹெட்போன், ஒரு பக்கம் பஞ்சு பிய்ந்து தொங்குகிறது. அசன் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோய்விட்டார்.

"வாப்பா தாஸு. வெறுங்கையா வாரியே, கிடார் எங்க?" என்றார்.

"விக்கப் போறேண்ணே."

"ஏன்?"

பஸ்ஸில் நின்றுகொண்டே ஐம்பது கிலோமீட்டர் கட்டிவைத்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. குவியலில் இருந்து அந்த ஹெட்போனை எடுத்தேன். வயரைச் சுற்றினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு. அதுவும் வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கும் சேர்த்து ஒன்றுதான் வந்தது. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து கேட்டேன்:

"அண்ணே, ஏரல்ல அன்னைக்கு மூடி வெச்ச லைன்ல நான் தொட்டது உங்களுக்கு எப்படிண்ணே கேட்டுச்சு?"